எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு எத்தனை ஸ்டார்?

பரோட்டா கடைக்கு ஸ்டார் போடுகிறோம், குற்றாலத்து லாட்ஜுக்குப் போடுகிறோம், பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்குக்கூட யாரோ ஒரு புண்ணியவான் நாலு வரி எழுதி ஒரு ஸ்டார் போட்டு வைத்திருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுத மட்டும் யாருக்கும் கை வருவதில்லை. எங்கள் ஊர் ஸ்டேஷனை மேப்பில் திறந்து பார்த்தேன். போட்டவர்கள் எல்லாரும் அஞ்சு ஸ்டார், ஒருத்தர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. அது மரியாதையா பயமா என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

சரி, நான் எழுதுகிறேன். ஸ்டேஷன் பெயர் போடப் போவதில்லை, அங்கே இருப்பவர்கள் பெயரும் வராது. நாளைக்கு நானும் அம்மாவும் அதே வாசலைத் தாண்டித்தான் ரேஷன் கடைக்குப் போக வேண்டும். தென்காசி மாவட்டத்தின் மேற்கு ஓரம், மொட்டை மாடியில் ஏறினால் மலை தெரியும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளா, இவ்வளவு போதும். முழுசாகப் படிக்க நேரம் இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 100-க்கு அடித்தால் வருகிற சேவைக்கு நாலு ஸ்டார். உள்ளே போய் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற சேவைக்கு ஒன்றரை. அந்த அரை ஸ்டார் ஒரு எஸ்.ஐ. அம்மாவுக்கு, அவர் கதை பின்னால் வரும்.

2025 ஆகஸ்ட் கடைசி. சீசன் கூட்டம் வடிந்தும் சாரல் மட்டும் விடாத ராத்திரி. வாசலில் சைடு லாக் போட்டு நிறுத்தியிருந்த ஸ்பிளெண்டர் காலையில் இல்லை. 2016 மாடல், அப்பா வாங்கியது, அவர் போன பிறகு என் பெயருக்கு மாற்றியது. வாசல் தெளிக்க வந்த அம்மா "ஏல, வண்டிய எங்க விட்ட?" என்று கேட்டதும் முந்தின நாள் எங்கே போனேன் என்றுதான் யோசித்தேனே தவிர, திருட்டு என்று ஒரு நிமிஷம் தோன்றவே இல்லை. அப்புறம் பார்த்தால் ஈர மண்ணில் டயர் தடம் தெரு முனை வரைக்கும் போயிருந்தது. ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

எங்கள் தெருவுக்கு இது முதல் திருட்டும் இல்லை. அதற்கு முந்தின ரெண்டு மாசத்தில் ஒருத்தர் கிணற்று மோட்டாரின் கேபிளை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள், உள்ளே இருக்கிற செம்புக்காக. மேலத்தெருவில் ரெண்டு வெள்ளாடு போயிற்று. ஆட்டுக்காரர் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. "போனா ஒரு நா கூலி போவும், ஆடு வராது" என்றார், ஏதோ பஸ் டைம் சொல்வது மாதிரி. கேபிள்காரர் போனார், போன வேகத்தில் வந்தார். இப்படிப் போகாமல் இருப்பவர்களும் போய்த் திரும்புகிறவர்களும் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். வருஷக் கடைசியில் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் எங்கள் தெரு மகா அமைதியான தெரு.

வண்டி போனதில் பணக் கவலை ஒரு பங்குதான். பழைய வண்டி, தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் இருந்தது, அதனால் க்ளெய்ம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு பயம் உண்டு. ராத்திரி முழுக்க எல்லையில் இருக்கிற புளியரை செக்போஸ்ட் வழியாக வைக்கோல் லாரி, காய்கறி லாரி, கோழி வண்டி, சிமெண்ட் என்று போய்க்கொண்டே இருக்கும். அந்த வரிசையில் ஒரு பைக் கோட்டைவாசல் தாண்டிவிட்டால் தாண்டினதுதான். அதில் யார் உட்கார்ந்து என்ன கொண்டுபோகிறார்கள் என்பதுதான் கவலை. ரேஷன் அரிசியோ கஞ்சாவோ எங்கேயாவது பிடிபட்டால் ஆர்.சி.யில் இருக்கிற பெயர் என் பெயர். எங்காவது ஒரு ஆச்சியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு பறந்தால் கேமராவில் தெரியும் நம்பர் என் நம்பர். எனக்கு வண்டி திரும்ப வேண்டும் என்பதைவிட, வண்டி என்னிடம் இல்லை என்பதற்கு ஒரு பேப்பர் வேண்டும். அவசரம் அதுதான்.

முதல் நாள் ஸ்டேஷன். வாசலில் பாராவில் நின்றவர் என்ன விஷயம் என்றார், சொன்னேன், உள்ளே ஏட்டையாவைப் பாருங்க என்றார். ஏட்டையா தப்பான மனுஷர் இல்லை, முகத்தைப் பார்த்தாலே மூணு ராத்திரி தூங்காத ஆள் என்று தெரிந்தது. ஆனால் கேட்டார் பாருங்கள் கேள்வி. "தம்பி, சொந்தக்காரப் பசங்க எவனாவது எடுத்துட்டுப் போயிருப்பான்லா? ரெண்டு நாள் தேடிப் பாருங்க." தேடுவதற்கு நான் எதற்கு, அதற்குத்தானே இந்தக் கட்டடம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மனு எழுதிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன்.

இந்த விமர்சனத்தில் அஞ்சு ஸ்டார் வாங்குகிற ஒரே ஆள் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. எந்த ஸ்டேஷனுக்கு எதிரேயும் இப்படி ஒரு கடை இருக்கும், கவனித்திருப்பீர்கள். பெறுநர், அனுப்புநர், ஐயா, வணக்கம் என்று பேனா தானாக ஓடும். மனுவுக்கு 50 ரூபாய், ஆர்.சி. ஜெராக்ஸ் தனி. நான் "எனது வாகனத்தைக் காணவில்லை" என்று சொல்ல ஆரம்பித்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார். "காணோம்னு எழுதாதீங்க. நீங்களே தொலைச்ச மாதிரி ஆயிரும். திருட்டுன்னு எழுதுங்க. வீட்டு முன்னால பூட்டி நிறுத்துனது, அடையாளம் தெரியாத நபர் திருடிட்டாரு. நேரம் போடுங்க, சேஸிஸ் நம்பர் போடுங்க." ஒரே சொல்தான் வித்தியாசம். காணவில்லை என்றால் சி.எஸ்.ஆர். ரசீதோடு முடிக்கலாம், திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். வரவேற்பு மேஜையில் உட்காரவைத்து இதை யாராவது சொல்லியிருந்தால் ஸ்டேஷனுக்கு அந்த இடத்திலேயே ஒரு ஸ்டார் கூட விழுந்திருக்கும்.

சி.எஸ்.ஆர். என்பது புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது. விசாரித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்ற நிலையில் இருக்கிற எல்லா மனுவும் அதில்தான் ஏறும். நம் ஊரில் பாதிப் பேர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் சட்டங்களில் இன்னும் சில வசதி. எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், ஆன்லைனில் தகவல் கொடுத்துவிட்டு மூணு நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடலாம், எஃப்.ஐ.ஆர். நகல் காசில்லாமல் கொடுக்க வேண்டும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட். பேப்பரில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கோயிலுக்குப் போன இடத்தில் என் மாமா மகனிடம் போனைப் பறித்தபோது அங்கே "உங்க ஊரிலயே கொடுங்க" என்றார்கள், இங்கே "அது கேரளா லிமிட்லா" என்றார்கள். இந்த ஒரு விஷயத்தில் ரெண்டு மாநிலமும் ஒற்றுமை.

எனக்குக் கிடைத்தது முதலில் சி.எஸ்.ஆர்.தான், அதுவும் ரெண்டாவது நாள். வீட்டுக்கு வந்து தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் ஒரு புகார் தட்டிவிட்டேன். தளம் மோசமில்லை, தமிழிலேயே நிரப்பலாம், ஒரு நம்பரும் வந்தது. அந்தப் புகார் சுற்றிச் சுற்றி அதே ஏட்டையா மேஜைக்குத்தான் வந்து சேர்ந்தது. போன் பண்ணினார். "ஏன் தம்பி ஆன்லைன்ல போட்டீங்க, நேர்ல வந்திருக்கலாமே?" நேரில் வந்ததைத்தான் நான் முந்தின பத்தியில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அந்த நம்பருக்கு ஏதோ கணக்கு மேலே போகிறது போல, ஆறாவது நாள் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். நகலும் கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நடுவில் ஒரு விஷயம், இதை எழுதாமல் விட மனசில்லை. எஃப்.ஐ.ஆர். போடும்போது யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அதற்குள் தெருவில் ரெண்டு பெயர் ஓட ஆரம்பித்திருந்தது. ஒன்று மர அறுவை மில்லில் வேலை பார்க்கும் வடநாட்டுப் பையன்கள், இவர்கள் பெயர் எது தொலைந்தாலும் ஓடும். இன்னொன்று என்னோடு படித்தவனின் தம்பி, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அடிதடியில் பெயர் வந்தவன். பக்கத்து வீட்டு மதினி "அவன் பேர எழுதிக் குடுங்க, ரெண்டு தட்டு தட்டுனா வெளிய வந்துரும்" என்றார்கள். நல்ல மனுஷி, யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவருகிற மனுஷி. ஆனால் திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில் பக்தர் காரில் இருந்த நகை காணோம் என்று ஒரு புகார் வந்து, அதில் விசாரிக்க அழைத்துப்போன கோயில் காவலாளி அஜித்குமார் செத்துப்போய் அப்போது ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. போலீஸ்காரர்கள் கைதாகி, வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், டி.வி.யில் அவர் அம்மாவைப் பார்த்து எங்கள் அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஒரு ஸ்பிளெண்டருக்காவ ஒரு தாயி வயித்தெரிச்சல் நமக்கு வேண்டாம்" என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள். யார் மீதும் சந்தேகம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புகார் கொடுப்பவனுக்கே, போலீஸ் ஒன்றும் செய்யாமல் போய்விடுமோ என்று ஒரு பயம், எதையாவது செய்துவிடுமோ என்று இன்னொரு பயம். 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன அப்பாவும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும் செத்த பிறகு தெற்கத்தி ஜில்லாக்காரர்களிடம் இந்த ரெண்டாவது பயத்தை யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடுத்து கேமரா. தெரு முனையில் மளிகைக் கடையில் கேமரா இருக்கிறது, அதில் கட்டாயம் விழுந்திருக்கும் என்று முதல் நாளே மனுவில் எழுதியிருந்தேன். கடைக்காரரிடமும் நாங்களே போய்ப் பார்த்தோம். ராத்திரி 2.40-க்கு ரெண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேற்கே போகிறார்கள், லென்ஸில் சாரல் துளி, அதற்குக் குறுக்கே சிலந்தி வலை, முகம் மங்கல்தான். ஆனால் ஒருத்தன் கால் தாங்கித் தாங்கி நடப்பது தெரிகிறது. பென் டிரைவில் எடுத்துத் தருகிறேன் என்றேன், "நாங்களே வந்து முறையா எடுக்கணும், சாட்சியம்லா" என்றார்கள். நியாயம், ஒத்துக்கொண்டேன். அந்தக் கடை ஹார்டு டிஸ்க் பதினைந்து நாள்தான் வைத்திருக்கும், அதையும் சொன்னேன். ரெண்டு தடவை போன் பண்ணி ஞாபகப்படுத்தினேன். வந்தது பதினேழாவது நாள். கடைக்காரர் ஓட்டிக் காட்டினார், அதில் எங்கள் தெரு நாய் படுத்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. ஸ்டேஷனுக்கு உள்ளே இருக்கிற கேமராப் பதிவுகளைப் பதினெட்டு மாசம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உத்தரவு போட்டது, லாக்கப்பில் நடப்பது தெரிய வேண்டும் என்பதற்காக. அது வேறு விஷயம், தெரியும். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அந்த நம்பர்தான் தலைக்குள் ஓடியது. பதினெட்டு மாசம் அங்கே, பதினைந்து நாள் இங்கே, நடுவில் ரெண்டு நாள் தாமதம்.

இதில் ஒரு ஜோக். வந்தவர் போகும்போது, "தெருக்காரங்க எல்லாம் சேந்து நல்ல கேமராவா ரெண்டு போட்டீங்கன்னா எங்களுக்கு உதவியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டோம். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து 27,000 ரூபாய். இப்போது எங்கள் தெருவில் யார் எப்போது பால் வாங்கப் போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சரி, அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏட்டையாவிடம் ஒருநாள் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தபோது கணக்கு சொன்னார். செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள் பந்தோபஸ்து. அது முடிந்தால் குலசை தசரா, பத்து நாள் கூட்டம். அப்புறம் தீபாவளி. அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சீசன், குற்றாலத்திலிருந்து புளியரை வரைக்கும் வண்டி நகராது, ஜனவரி வரை ஓடும். நடுவில் வி.ஐ.பி. வருகை, கோயில் கொடை, எல்லையில் கேரளாவிலிருந்து வருகிற குப்பை லாரிக்கு மறியல். இதற்கெல்லாம் ஆள் அனுப்பிய பிறகு மிச்சம் இருப்பவர்கள்தான் ஸ்டேஷன் பாரா, கோர்ட் டியூட்டி, ராத்திரி ரோந்து, அதற்கு மேல் என் ஸ்பிளெண்டர். வார விடுமுறை கொடுக்க 2021-லேயே அரசாணை வந்துவிட்டதே என்று கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லாமல் டீயைக் குடித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவர் மேல் கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி அந்த ரெண்டு நாள் ஹார்டு டிஸ்க் கணக்கில் இன்னும் நிற்கிறது.

இதை எல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது, ஒரு தகவலும் வராமல் இருப்பது. எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு ஒரு மாசம் ஒரு போன் இல்லை. நான் பண்ணினால் "பாக்கோம் தம்பி". திருடனைப் பிடிக்கவில்லை என்று எங்கள் தெருவில் யாரும் கோபப்படவில்லை. செய்தித்தாளில் மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை என்று படித்துப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள், எதிர்பார்ப்பு அவ்வளவுதான். ஆனால் தேடுகிறீர்களா விட்டுவிட்டீர்களா என்று ஒரு வார்த்தை சொல்லலாம் இல்லையா? புதிய சட்டத்தில் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவருக்குத் தொண்ணூறு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. போனிலேயே ஒரு மெசேஜாகச் சொன்னால்கூடப் போதும், பெட்ரோல் செலவுகூட இல்லை.

அந்த எஸ்.ஐ. அம்மா கதைக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியில் மாற்றலாகி வந்தவர், சின்ன வயசு. வந்த வாரத்திலேயே பழைய கேஸ் கட்டுகளைப் புரட்டியிருப்பார் போல, ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது. அம்மாதான் எடுத்தாள். "உங்க வண்டி இன்னும் கெடைக்கலம்மா. செக்போஸ்ட்டுக்கு நம்பர் குடுத்திருக்கோம், கேரளா பக்கமும் சொல்லியிருக்கோம். மறந்துட்டோம்னு நெனைக்காதீங்க." அவ்வளவுதான் பேச்சு, ஒரு நிமிஷம் இருக்காது. அம்மா அந்தப் போனை ஒரு வாரம் தெரு முழுக்கச் சொன்னாள். ஆட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டுத் தன் ஆட்டுக்கும் மனு எழுதலாமா என்று என்னிடம் வந்து கேட்டார், மூணு மாசம் கழித்து! வண்டி கிடைத்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அந்த அம்மா ஒருநாள் தெருவுக்கே வந்து, ராத்திரி ரோந்து வருகிறவர் கையெழுத்துப் போடுகிற நோட்டைப் பிள்ளையார் கோயில் சுவரில் மாட்டவைத்தார். எங்கள் தெருப் பையன்கள் சிலர் ராத்திரி ரோந்துக்குத் துணையாக வருகிறோம் என்று கேட்டபோது, வேண்டாம், தகவல் மட்டும் சொல்லுங்கள், கையில் கம்பு எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். போலீஸுக்குத் துணையாகப் பொதுமக்களைச் சேர்த்து 1993-ல் ராமநாதபுரத்தில் ஆரம்பித்த பிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பு சாத்தான்குளத்துக்குப் பிறகு 2020-ல் தடை செய்யப்பட்டதை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஜாக்கிரதையின் அருமை தெரியும்.

அக்டோபர் நடுவில் ஒரு காலை, தெரியாத நம்பர், மலையாள வாடையோடு தமிழ். ரப்பர் தோட்டத்து ஓரம் ஒரு வண்டி கேட்பாரற்று நிற்கிறது, முன்பக்க நம்பர் பிளேட் இல்லை, சேஸிஸ் நம்பரை வைத்துப் பார்த்தால் உங்கள் பெயர் வருகிறது என்றார்கள். ஓடினேன். அந்த ஸ்டேஷனுக்கும் ஒரு சின்ன விமர்சனம் போட்டுவிடுகிறேன். உள்ளே நுழைந்ததும் "இரிக்கு சேட்டா" என்று நாற்காலியைக் காட்டினார்கள். மனுவை அவர்களே ஒரு பேப்பர் கொடுத்து எழுதச் சொன்னார்கள், தமிழில் எழுதலாமா என்றேன், ஆகட்டும் என்றார்கள். எதிரே ஜெராக்ஸ் கடையைத் தேடி நான் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், காணோம். சுவரில் ஜனமைத்ரி போர்டு, 2008-லிருந்து அந்த மாநிலத்தில் நடக்கிற திட்டம், பீட் போலீஸ்காரர் வீடு வீடாகப் போய்ப் பழகி வைத்துக்கொள்வது. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனால் அவர்களுடைய ஆப்பில் சொல்லிவிட்டுப் போகலாமாம், ஆள் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்களாம். எங்கள் தாத்தா இருந்தால் "நாங்க பாக்காத திருவிதாங்கூர் போலீஸா" என்பார். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டைச் சீமை அந்தப் பக்கத்தோடுதானே இருந்தது, அவருக்கு அந்தக் கால போலீஸ் பற்றிச் சொல்ல நல்ல வார்த்தை ஒன்றும் இருந்ததில்லை. ஒரு தடவை உட்காரச் சொன்னதை வைத்து நானும் அங்கே எல்லாம் தங்கம் என்று எழுதப் போவதில்லை. என் வேலை ஒரு மணி நேர வேலை, அங்கேயே ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைகிறவன் வேறு மாதிரி எழுதுவான். அன்றைய அனுபவத்துக்கு நாலு.

ஆனால் வண்டியை என்னிடம் தர முடியாது. வழக்கு தமிழ்நாட்டில், வண்டி கேரளாவில், நம் ஸ்டேஷன் ஆள் எஃப்.ஐ.ஆரோடு போய் எடுத்து வந்து கோர்ட்டில் காட்டி, கோர்ட்டில் நான் மனுப் போட்டு, ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். போய் வர ஆள் வேண்டும். மேலே சொன்ன பந்தோபஸ்து காலண்டரை இப்போது ஒருதரம் திரும்பப் படித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு ஆள் இல்லை, பசும்பொன்னுக்கு ஆள் இல்லை. எஸ்.ஐ. அம்மா விடாமல் பிடித்து நவம்பர் முதல் வாரம் ஒரு ஆளை அனுப்பினார், வண்டியை ஏற்றிவந்த மினி லாரி வாடகை மட்டும் என் கணக்கு. யாரும் கேட்கவில்லை, ஆனால் யாரும் கொடுக்கவும் இல்லை, இதை எந்த வகையில் சேர்ப்பது என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். வந்த வண்டி ஸ்டேஷன் பின்னால் பழைய வண்டிகளோடு பதினெட்டு நாள் நின்றது. அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். டயர் மண்ணில் புதைந்த ஆட்டோ, கொடி படர்ந்த டி.வி.எஸ். 50, சீட்டில் புல் முளைத்த ஒரு புல்லட். பிடித்த வண்டிகளை இப்படி வளாகத்தில் போட்டுவைக்கக் கூடாது, சீக்கிரம் உரியவரிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொன்னது. அந்தக் கொடி 2002-க்கு முந்தியதாகக்கூட இருக்கலாம். வக்கீல் பீஸ், பத்திரம், லாரி, அலைச்சல் எல்லாம் சேர்த்தால் வண்டி விலையில் கால் பங்கு போயிருக்கும். திருடன் கிடைக்கவில்லை. காலைத் தாங்கி நடந்தவன் எங்கே நடக்கிறானோ.

100 பற்றி முதலில் நாலு ஸ்டார் என்று சொன்னேன் இல்லையா. அது இந்த நடுவில் நடந்தது. ஒரு ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் குடித்துவிட்டு ஒருத்தன் மனைவியை அடிக்க, மதினி 100-க்கு அடித்தார்கள். பதினைந்து நிமிஷத்தில் ரோந்து வண்டி வந்தது, அடித்தவனை ஏற்றிக்கொண்டு போனார்கள், கூட வந்த பெண் காவலர் அடிபட்ட மனைவியோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு 181 என்ற மகளிர் உதவி நம்பரைப் போனில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். கண் முன்னால் நடக்கிறதற்கு நம் ஆட்கள் வருகிறார்கள், நன்றாகவே வருகிறார்கள். நடந்து முடிந்ததற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

எஸ்.ஐ. அம்மா மாற்றலாகிப் போய்விட்டார். பிள்ளையார் கோயில் நோட்டில் இப்போது வாரத்துக்கு ரெண்டு கையெழுத்து விழுகிறது. போன வாரம் கேபிள்காரர் மறுபடி வந்து நின்றார், மறுபடி கேபிள் போய்விட்டதாம், போன தடவை "மதிப்பு அஞ்சாயிரத்துக்குக் கீழ, நாங்க நேரா எடுக்க முடியாது, கோர்ட்டு உத்தரவு வேணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அது பொய்யில்லை, புதிய சட்டத்தில் அஞ்சாயிரம் ரூபாய்க்குக் குறைந்த திருட்டு அப்படித்தான் ஆகிவிட்டது, நிலத்துக்காரனுக்கு அந்தக் கேபிள் இல்லாமல் ஒரு வாரத்துக்குத் தண்ணீர் பாயாது என்பது அந்தக் கணக்கில் வராது. வாங்கின பில்லை எடுத்துக்கொள்ளுங்கள், கேபிள் எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள் என்று சொல்லி அவரை அண்ணாச்சி கடைக்குக் கூட்டிப்போனேன். அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "திருட்டுன்னுதான எழுதணும்?" என்றார். மனு இப்போது 60 ரூபாய்.